எழுபதில் ஓடும் காரை ஐம்பதில் ஓட்டுவானேன்?

மாணவர்களே, 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியான ஃபோர்டு மாடல்-டி காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 20 குதிரைத் திறன் கொண்ட அதன் எஞ்சின், காரை மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம்வரை இழுக்கும். ஆயினும், இன்று அதைப் பேணி வைத்திருப்போர் பலரும் 50ஐ ஒட்டியே ஓட்டுகிறார்கள். கிழட்டு வண்டி என்ற இரக்கம் மட்டுமா காரணம்?

அதில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. சுழல்சக்கரம் வாரி இறைக்கும் எண்ணெய்தான் எஞ்சினுக்கு மசகு. நெடுநேரம் விரட்டினால் தேய்மானம் மிகும். அது போகட்டும், பணத்தோடு போகும் நட்டம். பிரேக்கைப் பாருங்கள். காலால் மிதித்தால், பல்சக்கரப் பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி பின்சக்கரங்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை!

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். வேகம் 50லிருந்து 70 ஆனால் 1.4 மடங்குதான், ஆற்றலோ 1.4 × 1.4 = 1.96 மடங்கு. அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறியாக வேண்டும். பிரேக் விசை மாறாதபோது, நிற்கும் தூரமும் அதே விகிதத்தில் நீளும். மிதித்த பின் 50இல் 30 மீட்டரில் நிற்கும் வண்டி, 70இல் ஏறத்தாழ 59 மீட்டர் ஓடும்.

இப்போது 40 மீட்டருக்கு அப்பால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திச் சாலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி அவனுக்கு 10 மீட்டர் முன்பே நின்றுவிடும். இரண்டாவது அவனை அடையும்போது அதன் வேகம் என்ன? போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.