ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு அது வராது. அதனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். முதலாண்டுத் தம்பிகளுக்காவது உதவும்.

என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். விண்டோஸ் 7, சர்வீஸ் பேக் 1. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அந்த லேப்டாப்புக்காக வாங்கிய கடனை அப்பா எத்தனை மாதம் அடைத்தார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதில் எதையாவது கெடுத்துவிட்டால் வயிற்றைக் கலக்கும்.

நமது ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும். அதை அவரவர் நாட்களால் பெருக்கினால் மெஸ் பில். இதற்கு எப்போதோ ஒரு சீனியர் அண்ணன் பைத்தான் 2.7-ல் ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் போன வருஷம் உயிரை விட்டது. நான் மெஸ் கமிட்டியில் இருந்ததால் பென் டிரைவில் இருந்த புரோகிராம் என் கைக்கு வந்தது.

என்னிடம் இருந்தது லேப் பாடத்துக்காகப் போட்ட பைத்தான் 3.8. அதில் ஓட்டினால் முதல் பிரிண்ட் வரியிலேயே சின்டாக்ஸ் எரர். காரணம் சுலபம். பழைய பைத்தானில் பிரிண்ட் என்பது ஒரு கட்டளை, அடைப்புக்குறி வேண்டியதில்லை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-ல் அதை ஃபங்ஷன் ஆக்கிவிட்டார்கள். பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் மாற்றினார்கள். 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தும் போனது.

நான் என்ன செய்தேன்? ஒரு உறைக்கு ஒரு கத்திதான் என்று நினைத்துக்கொண்டு 3.8-ஐ அன்இன்ஸ்டால் செய்துவிட்டு 2.7-ஐப் போட்டேன். மெஸ் புரோகிராம் ஓடியது. சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் இரவு மாடல் பிராக்டிகலுக்குப் படிக்க உட்கார்ந்தால் ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம் பாதி ஓடவில்லை. விடிந்தால் பரீட்சை. செல்போன் டேட்டாவும் அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்துவிட்டது. பக்கத்து அறை நண்பன் ஹாட்ஸ்பாட் கொடுத்ததால் பிழைத்தேன்.

உண்மையில் எதையும் அழிக்கத் தேவையே இல்லை. 2.7 சி டிரைவில் பைத்தான்27 என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். 3.8 நம் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவில் தனியாக உட்காரும். ஒன்றை ஒன்று தொடாது. சண்டை எங்கே வருகிறது என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டில் வெறுமனே பைத்தான் என்று அடிக்கும்போதுதான். எந்தப் பைத்தான் என்று விண்டோஸுக்கு எப்படித் தெரியும்? அதனிடம் பாத் என்று ஒரு பட்டியல் உண்டு. ஃபோல்டர் பெயர்களின் வரிசை. முதலில் நாம் நிற்கும் ஃபோல்டரைப் பார்க்கும், பிறகு அந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடும். முதலில் எது கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும், அடுத்தது இருக்கிறதா என்று பார்க்காது. ரேஷன் கடை வரிசை மாதிரிதான், முன்னால் நிற்பவருக்கே முதலில். இன்ஸ்டால் செய்யும்போது கீழே "பாத்தில் சேர்க்கவா" என்று ஒரு டிக் பெட்டி வருகிறதே, அது இந்த வரிசையில் இடம் பிடிப்பதற்குத்தான். சந்தேகம் வந்தால் வேர் என்று அடித்து, இடைவெளி விட்டு, பைத்தான் என்று அடியுங்கள். எங்கெங்கே இருக்கிறது என்று வரிசைப்படி காட்டும்.

இந்த வரிசையைத் திருத்திக்கொண்டே இருப்பது வேண்டாத வேலை. பைத்தான் 3.3 முதல் விண்டோஸில் பிஒய் என்று ஒரு லாஞ்சர் கூடவே வருகிறது. பிஒய், இடைவெளி, மைனஸ் 2.7, பிறகு ஃபைல் பெயர் என்று அடித்தால் பழையது ஓடும். மைனஸ் 3.8 என்றால் புதியது. மைனஸ் பூஜ்யம் என்றால் என்னென்ன வெர்ஷன் இருக்கிறது என்று பட்டியல் போடும். இன்னும் வசதி வேண்டுமா? ஃபைலின் முதல் வரியில் நம்பர் குறி, ஆச்சரியக்குறி போட்டுப் பைத்தான் 2.7 என்று எழுதிவிட்டால் லாஞ்சரே படித்துப் புரிந்துகொள்ளும். லைப்ரரி சேர்க்கும்போதும் வெறும் பிப் என்று அடிக்காதீர்கள், அது எந்தப் பைத்தானுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பிஒய் மைனஸ் 3.8 மைனஸ் எம் பிப் என்று முழுதாக அடியுங்கள்.

லீவில் வீட்டில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரே சாமான்ல ரெண்டு எதுக்குப்பா?" என்றார். எப்படிச் சொல்வதென்று யோசித்து, "பழைய கணக்குக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுப்பா" என்றேன். "ஓ, டேப் மாதிரியா?" என்றார். பழைய வீட்டு வேலைக்கு அடி, அங்குலம். இன்ஜினியர் பிளானுக்கு மீட்டர். அவர் பையில் இரண்டு டேப்பும் எப்போதும் இருக்கும். எனக்கு லேப்பில் ஒரு வாரம் பிடிபடாதது அவருக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டது.

இனிதான் விஷயமே. மெஸ் புரோகிராமைப் புதிய பைத்தானுக்கு மாற்ற நினைத்தேன். 3.8-உடன் டூ-டு-த்ரீ என்று ஒரு கருவி வருகிறது (3.13-ல் எடுத்துவிட்டார்கள்). பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடுவது போன்றவற்றை அதுவே செய்துவிட்டது. இரண்டும் இருக்கிறதே என்று ஒரு மாதக் கணக்கை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். செலவு 1,86,450 ரூபாய். மொத்த நாட்கள் 2,130. பழையதில் ஒரு நாள் கட்டணம் 87. புதியதில் 87.535.

எது சரி? கால்குலேட்டரில் போட்டேன். புதியதுதான் சரி. பைத்தான் 2-ல் இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், புள்ளிக்குப் பின்னால் உள்ளது போய்விடும். 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3-ல் 3.5. டூ-டு-த்ரீ வகுத்தல் குறியைத் தொடுவதில்லை, அது வேண்டுமென்றே எழுதியதா, தெரியாமல் எழுதியதா என்று கருவிக்குத் தெரியாதல்லவா? 87-ஐ 2,130-ஆல் பெருக்கினால் 1,85,310. அதாவது அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,140 ரூபாய் யாரிடமும் வசூலிக்கப்படவே இல்லை! 28 நாள் சாப்பிட்ட ஒருவருக்கு 15 ரூபாய் குறைவு, அவ்வளவுதான். ஆனால் மெஸ் கணக்கில் மாதா மாதம் துண்டு விழுந்தது. "செகரட்டரி காசு எடுக்கிறான்" என்று பேச்சு. போன வருஷம் செகரட்டரியாக இருந்த அண்ணன் கைக்காசு போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார். அவருக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்தப் பேப்பரை ஒரு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புடா தம்பி" என்றார். அனுப்பினேன்.

டர்போ சி பழகும் தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. அது 16 பிட் காலத்துச் சாமான், 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸில் ஓட்டுகிறோம். அதில் 300-ஐ 200-ஆல் பெருக்கி இன்ட் வேரியபிளில் வைத்துப் பாருங்கள். மைனஸ் 5,536 வரும். அதே புரோகிராமை ஜிசிசி-யில் ஓட்டினால் 60,000. இன்ட்டுக்கு அங்கே 2 பைட், இங்கே 4 பைட். இரண்டையும் வைத்துக்கொண்டால் இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் கண்ணால் பார்க்கலாம்.

2.7-க்கு இப்போது பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வருவதில்லை. அதனால் அதில் புதிதாக எதையும் எழுதுவதில்லை, பழையதை ஓட்டிப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன். மெஸ் கணக்கை இப்போது 3.8-ல் பைசாவோடு போடுகிறோம். ஆளுக்கு ஆள் ரூபாயை மேலே முழுதாக்கி, மிஞ்சுவதை அடுத்த மாதச் செலவில் கழிக்கிறோம். போன மாதம் 31 ரூபாய் மிஞ்சியது.