பெல்ட்டுக்குப் பயந்த வீடு

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வயது 16. டியூஷனுக்கு என்று அப்பாவின் பைக்கை எடுத்துப் போகிறவன், பைபாஸில் கூட்டாளிகளோடு ரேஸ் விடுகிறானாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. முழங்கையில் சிராய்ப்பு. கேட்டால், கிரிக்கெட் ஆடும்போது விழுந்துவிட்டேன் என்கிறான். கணவர் காதுக்குப் போனால் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். அவனுக்குத் தெரியாமல் செல்போனைச் சோதிக்கலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்.

பதில்: முதலில் சாவியை வாங்கி வையுங்கள் அம்மா. அதில் பேரம் கிடையாது. கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பால் வாங்கிவர முதன்முதலில் சாவியைக் கொடுத்தனுப்பியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்த வயதில் துணிச்சலைக் கூட்டுவது கூட்டாளிகள்தான். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் அதிகம் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் பையனும் தனியாகப் போனால் நிதானமாகவே ஓட்டக்கூடும்.

செல்போனை நோண்டுவதால் பெரிய பயன் இராது. ஸ்வீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாகச் சொன்னது. வேவு பார்த்துத் தெரிந்தது கொஞ்சம்.

உங்கள் வீட்டில் அவன் வாயை அடைத்திருப்பது அந்த பெல்ட். கிரிக்கெட் கதை அதற்குப் பயந்து வந்ததுதான். நீங்களும் அதே பயத்தில்தானே எனக்கு எழுதுகிறீர்கள்? ஒரே ஆளிடமிருந்து இரண்டு பேர் ஒளிக்கிறீர்கள். ஆகவே பேச்சைக் கணவரிடம் தொடங்குங்கள், பையன் வீட்டில் இல்லாத நேரத்தில். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அவர் மதிக்கும் மாமாவோ சித்தப்பாவோ கூட இருக்கட்டும். கை நீட்டுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு பையனை உட்கார வையுங்கள். "நடந்ததைச் சொல்லு. அடி கிடையாது, வண்டியும் கிடையாது." இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை விட்டால் மற்றது நிற்காது.

டியூஷனுக்கு டவுன் பஸ்ஸில் போகட்டும். முடிகிற நாளில் அப்பா கொண்டுபோய் விடட்டும். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பின்சீட்டில் உட்கார்ந்தால் பையன்கள் கொஞ்சம் பேசுகிறார்கள். ஹெல்மெட் இரண்டு வாங்கச் சொல்லுங்கள்.