பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். லேப் டிப் போடுவது, பையர் அனுப்பிய ஷேடோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, லாட் வாரியாகப் பதிவேட்டில் எழுதுவது என்று நாள் போகும். ஜெர்மனிக்குப் போகிற பனியன் ஆர்டர் என்றால், துணிக்கு ஏற்றிய அசோ சாயத்திலிருந்து தடைசெய்யப்பட்ட அரோமாட்டிக் அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த விதி அது. மீறினால் சரக்கு மொத்தமும் போச்சு. அதனால், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்காமல் எங்கள் மாஸ்டர் சாய டிரம்மைத் திறக்க விட்டதே இல்லை. வியர்வையில் நனைந்து உடம்பில் உரசுகிற துணிக்கே அவ்வளவு கெடுபிடி.

மகள் பிறந்த பிறகு ஷிப்ட் வேலை ஒத்துவரவில்லை. நிறம் பார்க்கிற கண் இருக்கிறதே என்று 2017இல் எஸ்.எம்.பி. கற்கப் போனேன். வழுக்கை விழுந்த தலையில், மழித்த முடி முளைவிட்டாற்போலத் தெரியும்படி நுண்ணூசியால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வைக்கிற வேலை. முடிமாற்று அறுவையின் தழும்பை மறைக்கவும் செய்வார்கள். பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சி. ஊசி எவ்வளவு ஆழம் போகலாம், புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி, முன்நெற்றிக் கோட்டை எப்படி வரைவது என்றெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாள் ஒரு கறுப்பு மைப் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். லேபிளில் 'நூறு சதவீதம் ஆர்கானிக், வீகன், நேச்சுரல்' என்று இருந்தது. பழைய பழக்கத்தில் பாட்டிலைத் திருப்பி லாட் நம்பரைத் தேடினேன். இல்லை. நிறமிக்கு உலகம் முழுக்க வழங்குகிற சி.ஐ. எண்ணும் இல்லை.

"இதுல என்ன பிக்மென்ட் இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அது கம்பெனி சீக்ரெட் மேடம். ஒண்ணும் ஆகாது."

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். முதல் எட்டு மாதம் அதே மையைத்தான் என்னை நம்பி வந்தவர்களின் தலையில் ஏற்றினேன். பனியனுக்குக் கேட்ட ரிப்போர்ட்டை மனுஷன் தலைக்கு நான் கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

முதலில் அந்த 'ஆர்கானிக்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீரைக் கடையில் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம், சாய லேபில் வேறு அர்த்தம். வேதியியலில் அது கரிமச் சேர்மம் என்பதை மட்டும் குறிக்கும். சாயப்பட்டறையில் நாங்கள் பயந்து பயந்து கையாண்ட அசோ சாயங்கள் அத்தனையும் ஆர்கானிக்தான். 'வீகன்' என்றால் விலங்குப் பொருள் சேர்க்கவில்லை என்பதோடு சரி. 'நேச்சுரல்' என்பதை யாரும் எதற்கும் எழுதிக்கொள்ளலாம். இரும்பு ஆக்சைடு மண்ணிலேயே கிடைக்கிறது. ஆனால் தோண்டியெடுத்த காவியில் ஆர்சனிக், ஈயம், நிக்கல் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால்தான் அழகுப் பொருள்களுக்குத் தொழிற்சாலையில் செய்த இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். இந்த விஷயத்தில் செயற்கைதான் சுத்தம்.

தலைக்கான மைகளில் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று கார்பன் பிளாக், சி.ஐ. 77266. இன்னொன்று இரும்பு ஆக்சைடுகள்: 77499 கறுப்பு, 77491 சிவப்பு, 77492 மஞ்சள். சிலர் பழுப்புச் சாயல் வருவதற்காக இவற்றோடு அசோ நிறமிகளையும் சேர்க்கிறார்கள். லேபிளில் இந்த எண்கள் இருந்தால் என்ன வாங்குகிறோம் என்று பாதி தெரிந்துவிடும். கார்பன் பிளாக் என்பது பெட்ரோலிய எண்ணெயை அரைகுறையாக எரித்துப் பிடிக்கிற நுண்கரி. டயருக்குக் கறுப்பு தருவதும் இதே இனம்தான். அப்படி எரியும்போது பி.ஏ.எச். என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு கூட்டம் உண்டாகி அந்தக் கரித்துகளில் ஒட்டிக்கொள்ளும். அதில் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது. ஆகவே ஒரு பாட்டில் கறுப்பும் இன்னொரு பாட்டில் கறுப்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், எந்தத் தரக் கரி, எவ்வளவு சுத்தப்படுத்தினார்கள் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இதைச் சொன்னால் சிலர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கார்பன் பிளாக்கை 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்திருப்பது உண்மை. அது பெரும்பாலும் மூச்சில் இழுத்த தூசியை வைத்து நடந்த எலி ஆய்வுகளின் மேல் நிற்கிறது. தோலுக்குள் வைத்த புள்ளியால் புற்றுநோய் வரும் என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது. பயப்படத் தேவையில்லை, கேட்கத்தான் வேண்டும்.

எதைக் கேட்பது? நம் நாட்டில் அழகுப் பொருள்களின் நிறமிகளுக்கு ஈயம் 20 பி.பி.எம். (அதாவது கிலோவுக்கு 20 மில்லிகிராம்), ஆர்சனிக் 2 பி.பி.எம். என்று வரம்பு உண்டு. லிப்ஸ்டிக்குக்கும் கண்மைக்கும் பார்க்கிற கணக்கு அது. தோலுக்குள் போகிற மைக்கென்றே ஐரோப்பாவில் தனி விதி வந்து, 2022 ஜனவரி 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈயம் 0.7 பி.பி.எம்., ஆர்சனிக் 0.5, பென்சோபைரீன் 0.005. துணிக்கு 30 என்று நான் படித்த அந்த அமீன்களுக்கு இங்கே 5. மையில் நிக்கல் இருந்தால் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும், லாட் எண் போட வேண்டும், உட்பொருள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வோ, தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் இதுவரை அனுமதி கொடுத்ததில்லை. 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு மை' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நான் மை வாங்குகிற இடத்தில் 'ரீச் கம்ப்ளையன்ட்', அதாவது அந்த ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது, என்று அச்சடித்த சான்றிதழைக் காட்டினால் போதாது. அந்தப் பாட்டிலின் லாட் எண் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். எந்த லேப், என்ன தேதி, பி.ஏ.எச்., உலோகங்கள், அமீன் மூன்றும் சோதித்தார்களா என்று பார்ப்பேன். சேஃப்டி டேட்டா ஷீட்டைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது கொட்டினால் எப்படித் துடைப்பது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று சொல்கிற தாள். இந்த லாட்டில் ஈயம் எவ்வளவு என்று சொல்லாது. லேபிளையும் முழுக்க நம்பிவிட முடியவில்லை. நியூயார்க்கின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை குத்தும் மைகள் 54ஐச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். 45இல் லேபிளில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை.

பச்சை குத்தும் மை என்று எழுதும்போது என் பாட்டியின், எங்கள் வழக்கில் அமுச்சியின், நினைவு வருகிறது. முழங்கைக்குக் கீழே கோலம்போல் பச்சை குத்தியிருந்தார். குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து, விளக்குக் கரியையும் பச்சிலைச் சாறையும் குழைத்துக் குத்தினாள் என்பார். இலைச் சாறுதான் பச்சையாகத் தெரிகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது: கரி தோலுக்குள் போனாலே நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். தோல் வெளிச்சத்தைச் சிதறடிக்கிற விதம் அப்படி. எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீலம். சென்ற வருடம் ஒரு அண்ணா வந்தார், வேறெங்கோ ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்துகொண்டவர். தொப்பியைக் கழற்றியதும் அமுச்சியின் கை ஞாபகம் வந்தது. அதே நிறம், அதே கசிந்த ஓரம். "கறுப்புன்னு சொல்லித்தானுங்க குத்துனாங்க" என்றார். என்ன மை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். லேசரில் எடுக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது கரியா இரும்பா என்று தெரியாமல் முழுத் தலையிலும் அடிக்கக் கூடாது. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசர் பட்டால் கறுத்துப்போவது உண்டு. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யச் சொல்லி தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரு பாட்டிலின் போட்டோ அவர் போனில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இனி தண்ணீர். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தலைக்கான மையை அப்படியே ஏற்ற மாட்டோம். ஒவ்வொருவர் தோலுக்கும் முடிக்கும் ஏற்ப நீர்க்கச் செய்து சாம்பல் சாயல் கொண்டுவருவோம். பயிற்சியில் கேன் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள். நானும் கேன் தண்ணீரையே ஊற்றினேன். ஒரு தம்பிக்கு இரண்டாவது சிட்டிங் முடிந்து மூன்று வாரம் கழித்து முன்நெற்றியில் வரிசையாகச் சிறு சிறு கட்டிகள். தோல் மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வாரம் மாத்திரையில் அடங்கியது. தண்ணீர்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "எதுல கலக்குனீங்க?" நான் சொன்ன பதிலுக்கு அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

குழாய்த் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் இருக்கலாம். குடித்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, ஊசியில் ஏறினால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைக்கும். 2011இன் கடைசியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் பத்துப் பேருக்கும் மேல் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் கெலோனே. முன்கூட்டியே நீர்க்கச் செய்து சாம்பல் நிறமாக விற்ற மையிலிருந்து வந்தது. காய்ச்சி வடித்த நீரும் கிருமி நீக்கிய நீரும் ஒன்றல்ல. மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்து கலக்க விற்கிற ஸ்டெரைல் வாட்டர், சின்னக் குப்பி, சில ரூபாய். ஒருவருக்கு ஒன்று உடைப்பேன், மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். இல்லையென்றால் மை கம்பெனியே தருகிற கலப்பு நீர். சீல் போட்ட பாட்டிலும் முழு உத்தரவாதம் கிடையாது. எஃப்.டி.ஏ. விஞ்ஞானிகள் பிரிக்காத 75 மைகளைச் சோதித்ததில் 26இல் பாக்டீரியா இருந்தது. 'ஸ்டெரைல்' என்று எழுதியிருந்ததாலும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் சின்ன பாட்டிலாக வாங்குகிறேன். திறந்த தேதியை மார்க்கரில் எழுதுகிறேன். கம்பெனி சொன்ன காலம் முடிந்தால் பாதி இருந்தாலும் குப்பைக்குப் போகும்.

உட்காரும் முன்னால் நான் கேட்கிற கேள்விகளில் ஒன்று: "கவரிங், இமிடேஷன் நகை போட்டா அரிக்குதுங்களா? பெல்ட் பக்கிள் படற இடத்துல தடிக்குதுங்களா?" நிக்கல் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆமாம் என்றால் இரும்பு ஆக்சைடு மைக்கு நிக்கல் அளவைப் பார்க்காமல் கை வைக்க மாட்டேன். இன்னொன்று, முடிச் சாயத்தாலோ கல்யாண வீட்டில் வைத்த கறுப்பு மெஹந்தி கோனாலோ கொப்பளித்ததா என்பது. அதற்குக் காரணம் பி.பி.டி. என்கிற ரசாயனம். அது முறையான தலை மையில் இருக்காது. ஆனால் அப்படி ஒருமுறை அவதிப்பட்டவர் உட்பொருள் எழுதாத மையை ஏற்றிக்கொள்ளவே கூடாது. தழும்பு தடித்து வளரும் உடம்பா, சொரியாசிஸ் உண்டா என்றும் கேட்பேன். காதுக்குப் பின்னால் நாலைந்து புள்ளி வைத்து ஒரு மாதம் பொறுக்கச் சொல்வேன். அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் இனி எப்போதும் வராது என்று சொல்லிவிட முடியாது. சில ஒவ்வாமைகள் வருடம் கழித்தும் தலைகாட்டும். இதையும் சொல்லிவிடுவேன்.

'டெம்பரரி, ஒரு வருஷத்துல கரைஞ்சிடும்' என்று சொல்லி விற்கிறார்கள். மங்குவது எல்லாம் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி நிணநீர் வழியே போய்க் கணுக்களில் தங்குகிறது. பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தில் வைத்து 2017இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். நானோ அளவு நிறமித் துகள்கள் நிணநீர்க் கணுவில் இருந்தன. தலைக்கு அந்தக் கணுக்கள் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் தலையில் இப்படிச் செய்திருக்கிறது என்று டெக்னீஷியனிடம் முன்னாலேயே சொல்லிவிடச் சொல்கிறேன். இரும்பு நிறமியால் சூடோ கூச்சமோ ஏற்படுவது மிக அரிது, தெரிந்திருந்தால் அவர்களும் கவனமாக இருப்பார்கள். ரத்தம் கொடுப்பவர்கள் ஒரு வருடம் பொறுக்க வேண்டியிருக்கும்.

செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு இவ்வளவும் மனப்பாடமாக வேண்டாம். ஊசி போடுவதற்கு முன், "பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், லாட் எண், திறந்த தேதி எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். எதில் கலக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். முகம் சுளித்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வாருங்கள்.

போன மாதம் ஒரு ஏஜென்ட் வந்து புது மை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நல்ல கறுப்பு, விலையும் பாதி. லாட் எண் இருந்தது. அந்த எண்ணுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். "அனுப்பறேங்க்கா" என்றார். மூன்று முறை போன் செய்துவிட்டேன். பாட்டில் சீல் உடைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.