வேட்டைக்காரர் கண்ட ஓவியம்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஹசாரிபாக் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வரை அது பீகார் மாநிலத்தில் இருந்தது. காடும் மலையும் நிறைந்த பகுதி அது.

புலு இமாம் ஹசாரிபாக் ஊர்க்காரர். 1942-இல் பிறந்தவர். இளம் வயதில் அவர் வேட்டைக்காரர். துப்பாக்கியுடன் காடுகளில் அலைந்தார். பிறகு வேட்டையை விட்டுவிட்டார். ஆனால் காட்டின் மீது இருந்த ஆசை போகவில்லை. அங்கே வாழும் மக்களின் பழைய கதைகளையும் வரலாற்றையும் தேடத் தொடங்கினார்.

நம் நாட்டின் பழைய கலைகளையும் கட்டடங்களையும் காக்க 'இன்டாக்' என்ற அமைப்பு உண்டு. 1984-இல் தொடங்கியது. 1987-இல் அதன் ஹசாரிபாக் கிளைக்குப் புலு இமாம் பொறுப்பாளர் ஆனார். இது தொண்டு வேலை. சம்பளம் கிடையாது.

பாறையில் ஓவியம்

1991-ஆம் ஆண்டு. இஸ்கோ என்னும் சிற்றூர். அங்கே ஒரு பாறையில் படங்கள் இருப்பதாக ஒரு பாதிரியார் சொன்னார். புலு இமாம் போய்ப் பார்த்தார். பெரிய பாறை. அதில் விலங்குகள், கோலம் போன்ற கோடுகள், கட்டங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர் வரைந்தவை!

ஊர் மக்களுக்கு அந்தப் பாறை புதிதல்ல. ஆனால் அதன் அருமை வெளியுலகுக்குத் தெரியாது.

சுவரிலும் ஓவியம்

அவர் இன்னொன்றையும் கவனித்தார். அந்தப் பகுதியில் மண் வீடுகளின் சுவர்களில் பெண்கள் படம் வரைவார்கள். பாறையில் உள்ளதைப் போன்ற உருவங்கள் சுவரிலும் இருந்தன.

திருமணத்துக்கு வரைவது கோவர் ஓவியம். முதலில் சுவரில் கறுப்பு மண் பூசுவார்கள். அது காய்ந்ததும் மேலே வெள்ளை மண் பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் சீப்பால் கீறுவார்கள். கீறிய இடத்தில் கறுப்பு தெரியும். படம் பிறக்கும்.

அறுவடைக் காலத்தில் வரைவது சோஹ்ராய் ஓவியம். அது மாடுகளுக்கு நன்றி சொல்லும் விழா. நம் மாட்டுப் பொங்கல் போல. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை மண்தான் வண்ணம்.

தாய் வரைவதைப் பார்த்து மகள் கற்றாள். இதற்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஆபத்து

அந்தப் பகுதியில் மண்ணுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. நிலக்கரியால் மின்சாரம் கிடைக்கிறது. ஆனால் சுரங்கம் தோண்டினால் ஊரைக் காலி செய்ய வேண்டும். ஊர் போனால் மண் சுவரும் போகும். சுவர் போனால் ஓவியம் எங்கே இருக்கும்?

புலு இமாம் இதை எடுத்துச் சொல்லிப் போராடினார். பாறை ஓவியங்களைத் தேடிப் பதிவு செய்தார். ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். சுவரில் வரைந்த பெண்கள் காகிதத்திலும் துணியிலும் வரைய உதவினார். அந்தப் படங்கள் வெளிநாடுகளுக்கும் போயின. பெண்களுக்கு வருமானம் வந்தது.

2019-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2020-இல் ஹசாரிபாக்கின் சோஹ்ராய், கோவர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கலை இந்த ஊருக்கு உரியது என்பதற்கு அது சான்று.

ஆனாலும் சுரங்க வேலை நிற்கவில்லை. காக்கும் வேலையும் முடியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பழமையைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை. அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு இதைச் சொல்கிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

• பழைய கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்க விடாதீர்கள்.
• பாறை ஓவியத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பெயர் எழுதாதீர்கள்.
• நிலத்தைத் தோண்டும்போது பழைய காசோ சிலையோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.
• ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்கு இப்போது எழுதத் தெரியுமே!

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் மிகப் பழைய பொருள் எது? அதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
2. உங்கள் அம்மாவிடம் நீங்கள் கற்ற கலை எது? அதை யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?
3. சுரங்கமும் வேண்டும், ஊரும் வேண்டும் என்றால் என்ன செய்வது?