லயத்து முற்றத்தில் ஒரு மரக்கறிப் பாத்தி: நேரமில்லாத குடும்பத்திற்கு ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடும்பங்களுக்கு மரக்கறி விதைப் பொதிகளை வழங்கினோம். கரட், பீட்ரூட், கோவா, தக்காளி, போஞ்சி என ஐந்து வகை விதைகள். அரை நாள் செயலமர்வொன்றும் நடந்தது. அது ஏப்ரல் மாதக் கடைசி வாரம். ஜூலையில் மீண்டும் சென்று பார்த்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திகளே எஞ்சியிருந்தன. "மக்களிடம் போதிய ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதினோம்.

பின்னொரு நாள் அந்த லயத்தில் ஒரு தாயுடன் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாமி, நீங்க வெத குடுத்தது கொழுந்து பொங்கிக்கிட்டு வர்ற மாசம். விடியக் காத்தால பெரட்டுக்கு ஓடணும். அந்திக் கொழுந்து நிறுத்துட்டு வீடு வந்து சேர ஐந்தரை ஆகுது. அதுக்குப் பெறகு ரொட்டி சுடுறதா, பாத்தி வெட்டுறதா?"

அறிக்கையை நாம் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாய்க்கு ஆர்வம் இருந்தது, நேரம் இருக்கவில்லை. நாமோ அவருடைய வேலை நாட்காட்டியைப் பார்க்காமலே விதை நாட்காட்டி போட்டிருந்தோம். வீட்டுத்தோட்டம் பற்றிய இந்தப் பாடத்தை அதனால் மண்ணிலிருந்து தொடங்காமல் மணிக்கூட்டிலிருந்து தொடங்குகிறோம்.

ஏன் வேண்டும் இந்தப் பாத்தி?

நுவரெலியா என்றதும் நாட்டின் ஏனைய மக்களுக்கு நினைவுக்கு வருவது மரக்கறி. 1848 இல் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் காலத்திலிருந்தே ஐரோப்பிய மரக்கறிகளுக்கு அந்த மண் பெயர் பெற்றது. இன்றும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. அந்த லொறிகள் கடந்து போகும் லயங்களிலோ பல வீடுகளில் காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே உணவு.

இதன் விளைவு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, பெருந்தோட்டத் துறையிலோ நூற்றுக்கு 31.7. ஒரு பாத்திக் கீரை இதை முழுவதும் மாற்றிவிடாது. ஆயினும் வாரத்தில் நான்கு நாள் சட்டியில் பச்சை விழுமானால் அது சிறிய காரியமும் அல்ல.

நேரம் யாரிடம் இருக்கிறது?

2022 ஜூன் மாதத்தில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அரசாங்க ஊழியர்களுக்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதித்தது. எரிபொருள் தட்டுப்பாட்டோடு, வீட்டுத்தோட்டம் செய்ய நேரம் கொடுப்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆம், பயிர் செய்ய நேரம் வேண்டும் என்பதை அரசே ஒத்துக்கொண்டது. ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் கொழுந்துப் பெண்ணுக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவர் வேலைக்குப் போகாத நாள், சம்பளமில்லாத நாள்.

ஆகவே ஒவ்வொரு வீடும் தனது நேரத்தைத் தானே கணக்குப் பார்க்க வேண்டும். கூட்டங்களில் நாம் செய்யும் ஒரு பயிற்சி இது. ஒரு தாளில் காலை நாலரையிலிருந்து இரவு பத்து மணி வரை கோடு கிழித்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அம்மாவின் கோட்டில் இடைவெளியே இராது. அப்பாவின் கோட்டில் இருக்கும். ஏனெனில் கவ்வாத்து, கானு வெட்டு, மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலை பல தோட்டங்களில் பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவும் அப்பாயியும் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்த பின் கால் மணி நேரம் கொடுக்கலாம்.

இதைப் பார்த்தபின் வேலையைப் பிரிப்பது எளிது:

1. மண் கொத்துதல், வேலி, கானு ஆகியவை ஆண்களுடையது. தந்தை கொழும்பில் வேலை செய்தால், அவர் பண்டிகைக்கு வரும் நாட்களை இதற்கென்று குறித்து வையுங்கள்.
2. நாற்று மேடை, பகற்காவல், விதை சேகரித்தல் ஆகியவை தாத்தா, பாட்டியுடையது.
3. தண்ணீர் ஊற்றுதல், புழு பொறுக்குதல் ஆகியவை பிள்ளைகளுடையது. பள்ளிப் பாடத்திற்கு இடையூறாக வேண்டாம்.
4. அம்மா பறித்துச் சமைக்கட்டும்; எதை நடுவதென்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். நாளெல்லாம் இலை பறித்த கைக்கு வீட்டில் மண்வெட்டியையும் கொடுப்பது முன்னேற்றமாகாது.

தந்தையும் முதியோரும் இல்லாத வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஞாயிறு ஒரு மணி நேரம் கைம்மாறாக வேலை செய்யலாம். இந்த வாரம் உங்கள் பாத்தி, அடுத்த வாரம் எங்கள் பாத்தி.

இடமும் மண்ணும்

பல தனி வீட்டுத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட 7 பேர்ச் காணி ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, மலசலகூடம், பாதை எல்லாம் போக மீதியிலும் ஒரு நல்ல தோட்டம் போடலாம். லயத்தில் இருப்பவருக்கோ வாசலும் பின்பக்கத்துத் துண்டும்தான். அதுவும் போதும். முதலில் 3 அடி அகலம், 12 அடி நீளமான ஒரே ஒரு பாத்தி போடுங்கள். அது ஓராண்டு நிலைத்தால் இரண்டாவதை வெட்டலாம். முதல் ஆண்டிலேயே ஐந்து பாத்தி வெட்டியவர்களில் பலர் இரண்டாம் ஆண்டு ஒன்றும் செய்வதில்லை.

பாத்தி சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். தேயிலை மலையில் கானு வெட்டிப் பழகிய தொழிலாளிக்கு இதை நாம் கற்பிக்கத் தேவையில்லை. கீழ் விளிம்பில் மானாப்புல் ஒரு வரிசை நட்டால் மண் ஓடாது. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண் திட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் குடைந்து பாத்தி போடாதீர்கள். அதன் மேல் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் மண்சரிவுகள் எடுத்த உயிர்களை மலையகம் மறக்க முடியாது.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். பெரும்பாலான மரக்கறிகளுக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். லயத்து மண்ணில் போட்ட பீட்ரூட் விரலளவோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நடுவதற்கு மூன்று வாரம் முன்னர் சதுர மீற்றருக்கு இரண்டு பிடி டொலமைற் தூவிக் கொத்துங்கள். டொலமைற் கிடைக்காவிட்டால் விறகடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவலாம். சாம்பலையும் பச்சைச் சாணத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். சாணத்தின் தழைச்சத்து காற்றோடு போய்விடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். கிழங்கின் தோலில் சொறி விழும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது, பசளைப் பையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். கூட்டுப்பசளை ஒரே இரவில் உண்டாவதில்லை. எங்கள் குளிரில் அது மக்க மூன்று நான்கு மாதம் செல்லும். மழை கூடிய இடத்தில் குழி தோண்டினால் தண்ணீர் நிறைந்து நாறும். ஆகவே நிலத்தின் மேல் குவியலாகப் போட்டு, பழைய தகரத்தாலோ சாக்காலோ மூடுங்கள். பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தி இலை, சாணம், சமையல் கழிவு, மேல்மண் என்று அடுக்கடுக்காகப் போடலாம். களைகொல்லி அடித்த மலையில் வெட்டிய புல்லைச் சேர்க்காதீர்கள்.

ஆண்டின் ஒழுங்கு

ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து வீடுகளுக்கு இந்த ஒழுங்கு பொருந்தும்.

*ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை:* வெயில் காலம். கொழுந்து குறையும், வீட்டில் சற்று மூச்சுவிடலாம். கடினமான வேலைகளை இப்போதே முடியுங்கள்: கொத்துதல், டொலமைற் இடுதல், கூட்டுப்பசளைக் குவியல், வேலி. நுவரெலியா உயரத்தில் உறைபனி விழும் இரவுகளில் நாற்றுகளைச் சாக்கால் மூடி, வெயில் ஏறியபின் எடுங்கள்.

*மார்ச் கடைசி:* முதல் மழையோடு விதையுங்கள். ராபு, கீரை, போஞ்சி போன்ற குறுகிய காலப் பயிர்களே இப்போது நல்லவை. சித்திரைப் புத்தாண்டுக்குள் முளைத்து நிற்க வேண்டும்.

*ஏப்ரல் கடைசியும் மே மாதமும்:* கொழுந்து பொங்கும் காலம். புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பறிப்பது மட்டுமே வேலை. எமது விதைப் பொதி வந்து சேர்ந்தது இந்த மாதத்தில்தான்.

*ஜூன் முதல் ஓகஸ்ட் வரை:* தென்மேற்குப் பருவமழை. பாத்தியை உயர்த்தி, இரு பக்கமும் கானு எடுங்கள். இறவாணத்தின் கீழ் உரச்சாக்குகளில் மண் நிரப்பிக் கொச்சிக்காயும் லீக்ஸும் வைக்கலாம். அடியில் நாலு துளை போட மறக்க வேண்டாம்.

*செப்டெம்பர்:* மழை தணிந்ததும் இரண்டாம் விதைப்பு. கரட், பீட்ரூட், கோவா இப்போது போட்டால் ஆண்டு முடிவில் கைக்கு வரும்.

பதுளை, வெலிமடை, வலப்பனைப் பக்கத்தில் பெரிய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஆண்டு இறுதியில் வருகிறது. அங்குள்ளவர்கள் தங்கள் மழையையும் கொழுந்தையும் பார்த்து இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கும் பொதுவான விதி ஒன்றே: கொழுந்து ஓங்கும்போது தோட்டம் ஓய்ந்திருக்கட்டும்.

எதை நடுவது?

நேரமில்லாத வீட்டுக்கு முதலாவது பயிர், ஒருமுறை நட்டால் பலமுறை பறிக்கக் கூடியதே. வல்லாரை, பொன்னாங்காணி, வற்றாளங்கிழங்கின் இளந்தளிர், வேலியில் ஏறும் சௌசௌ, மூலையில் ஒரு மரத்தக்காளி. இவை கவனிக்காத மாதத்திலும் சாவதில்லை. பாத்தியின் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள்; மீதிப் பாதியில் பருவப் பயிர். போஞ்சிக்கு ஊன்றுகோலாகக் கவ்வாத்து மிலாறு போதும். போஞ்சி, தக்காளி, கொச்சிக்காய் ஆகியவற்றில் நல்ல செடி ஒன்றை விதைக்கென்று விட்டுவிடுங்கள். கலப்பின விதையில் முளைத்தது மட்டும் மறுமுறை அதே குணம் தராது.

வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதால் லயத்துக் கானுத் தண்ணீரை அதற்கு ஊற்றக் கூடாது. பீலித் தண்ணீரே ஊற்றுங்கள்.

காவல்

பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் வரும். ஆயினும் கம்பிச் சுருக்கு வைக்காதீர்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மரக்கறிப் பாத்தியை அண்டி வைத்த சுருக்கில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, சில நாட்களில் இறந்தது. பன்றிக்கு வைத்தது எதையும் பிடிக்கும். நாயையும், பிள்ளையின் காலையும் பிடிக்கும். சட்டப்படியும் அது குற்றம். மிலாறு வேலியை நெருக்கமாகக் கட்டி, வீட்டுக்கு அருகிலேயே பாத்தியை வைப்பது நல்லது.

சட்டியில் வந்து சேரட்டும்

கீரையை உண்டவுடன் சாயத்தண்ணீர் குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. நாம் பறிக்கும் தேயிலையே அதைத் தடுக்கிறது. தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரைச் சுண்டலை இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கடைசியாகச் சாப்பிடுபவர் அம்மாதான். அவருக்குச் சட்டியில் மிஞ்சுகிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். சோகை அதிகம் வாட்டுவது அவரைத்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்

"கீரை நட்டால் பசி தீரும்" என்று சொல்லிவிட்டு நியாயமான சம்பளத்தையும் காணி உரிமையையும் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையல்ல. தனது பெயரில் உறுதி இல்லாத மண்ணில் மரத்தக்காளி நட ஒருவர் தயங்குவது சோம்பேறித்தனமல்ல. மூன்றாண்டு கழித்து அது யாருக்குக் காய்க்கும் என்று அவருக்குத் தெரியாது. பாத்தியும் வேண்டும், உறுதியும் வேண்டும்.

அந்தத் தாயின் வீட்டுக்கு அடுத்த ஆண்டு பெப்ரவரியில் விதை கொண்டு போனோம். பாத்தியைக் கொத்தியவர் அவருடைய கணவர். மே மாதத்தில் ஒரு நாள் மாலை அங்கு சென்றபோது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் வாசலிலேயே நின்று போஞ்சி பறித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிச வேல, சாமி" என்றார்.

குழுவில் கலந்துரையாட

1. எமது வீட்டில் ஓய்வு நேரம் யாருக்கு அதிகம், யாருக்கு இல்லவே இல்லை?
2. எமது தோட்டத்தில் கொழுந்து பொங்கும் மாதங்கள் எவை? அதற்கு முன் எதை விதைத்து முடிக்கலாம்?
3. முதியோரோ ஆண்களோ இல்லாத வீடுகளுக்கு எமது லயம் எப்படிக் கைகொடுக்கலாம்?
4. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணுக்கு உறுதி பெற நாம் சேர்ந்து எடுக்கக்கூடிய முதல் அடி என்ன?