உத்திரமேரூரில் ஒரு பகல்: கல்வெட்டிலிருந்து ஏரிக்கரைக்கு

உத்திரமேரூர் என்றதும், ஊர்ச் சபைக்கு ஓலை இட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை நினைவுக்கு வரும். அதைச் சொல்லும் கல்வெட்டைப் படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுபவர்கள் பலர். அந்தச் சபை எதற்காகக் கூடியது என்பது ஏரிக்கரையில் நின்றால்தான் விளங்கும். அதற்காக ஒரு பகலை ஒதுக்குங்கள்.

1. மார்கழி, தை மாதங்களில் போங்கள். பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் ஏரியில் தண்ணீர் நிற்கும். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ.; செங்கல்பட்டிலிருந்தும் பேருந்து உண்டு.

2. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையில் முதலில் சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுங்கள். பல்லவர் காலத்துக் கோயில். நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் மூன்று நிலைகளில் இருக்கிறார். மேல்நிலைகளுக்குப் படியேற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்நிலையிலேயே சேவித்துக்கொள்ளலாம்.

3. அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். சபை கூடிய மண்டபம் இதுதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. ட, ப போன்ற எழுத்துகளை நீங்களே அடையாளம் காணலாம். பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. அதை நினைவில் வைத்துப் படியுங்கள். எழுத்து தெளிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

4. கல்வெட்டு சொல்லும் தேர்வு விதிகளை முன்பே தமிழில் படித்துவிட்டு வாருங்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினருக்கு 30 முதல் 60 வயது என்றிருந்த விதியை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று திருத்தினார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. வேதம் கற்ற, நிலமுடைய ஆண்களுக்கான பிரமதேயச் (பிராமணர் ஊர்) சபை இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

5. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு தோட்ட வாரியத்துக்கு (குழுவுக்கு) 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்கிறது. பதவிக்காலம் 360 நாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் புறப்படுங்கள். பல்லவர் காலத்தில் அதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர். கரையில் நடந்து மதகையும் கலங்கலையும் பாருங்கள். வயலில் இருப்பவர்களிடம் இந்த ஆண்டு எத்தனை போகம் என்று கேளுங்கள். கரையைக் காக்கவும், தண்ணீரைப் பங்கிடவும், கணக்குக் காட்டவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் குடத்தில் ஓலை இட்டார்கள்.