ஊருக்குப் பணம்: பேநவ்வா, கடையா, வங்கியா?

“இன்னைக்கு ரேட் என்ன?” சிங்கப்பூரில் ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழர் முதலில் கேட்பது இதைத்தான். தேக்கா பக்கம் பணம் அனுப்பும் கடைகளின் வாசல் பலகையில் எழுதியிருப்பதும் இதைத்தான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. முழுக் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: “என் கையை விட்டு மொத்தம் இத்தனை வெள்ளி போனால், ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?”

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான், இன்றைய விலை அல்ல. ஒரு கடையில் வெள்ளிக்கு 70 ரூபாய், கட்டணம் எதுவும் இல்லை. அடுத்த கடையில் 70.40 ரூபாய், ஆனால் 5 வெள்ளி கட்டணம். நீங்கள் 300 வெள்ளி அனுப்புகிறீர்கள் என்றால் முதல் கடையில் 21,000 ரூபாய் கிடைக்கும்; இரண்டாவதில் 20,768 ரூபாய்தான். பலகையில் உயர்ந்த ரேட் போட்ட கடையில் 232 ரூபாய் நஷ்டம். அதே ஆள் 1,500 வெள்ளி அனுப்பினால் நிலைமை தலைகீழ்: முதல் கடையில் 1,05,000, இரண்டாவதில் 1,05,248. சுமார் 880 வெள்ளியில் இரண்டும் சமமாகிவிடும். ஆகவே “எந்த வழி மலிவு” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் பதில் உண்டு. “கட்டணமே இல்லை” என்ற விளம்பரத்தைப் பார்த்தால், கட்டணம் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா வேலை செய்ய யாரும் கடை திறப்பதில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். அதிகம் பேசப்படுவதும், அதிகம் குழப்புவதும் பேநவ்–யுபிஐ இணைப்பு.

பேநவ் 2017இல் சிங்கப்பூரில் வந்தது. வங்கிக் கணக்கு எண் தெரியாமலே கைப்பேசி எண்ணையோ அடையாள எண்ணையோ வைத்து உடனே பணம் அனுப்பும் ஏற்பாடு. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் தங்கள் ஃபின் எண்ணை வைத்துப் பதிந்துகொள்ளலாம். இந்தியாவில் இதே போன்ற ஏற்பாடான யுபிஐ அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இரண்டையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைத்தார்கள். பிரதமர்கள் மோடியும் லீ சியன் லூங்கும் காணொளி வழியே பார்த்துக்கொண்டிருக்க, ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணைய நிர்வாக இயக்குநர் ரவி மேனனும் முதல் பரிமாற்றத்தைச் செய்துகாட்டினார்கள்.

இதில் பணம் போகும் விதம் எளிது. உங்கள் வங்கி ஆப்பில் ஊரில் உள்ளவரின் யுபிஐ ஐடியை இடுகிறீர்கள். அவர் பெயரும், எத்தனை ரூபாய் சேரும் என்பதும் திரையில் வரும். சரி என்று அழுத்தினால் சில நொடிகளில் பணம் அங்கே. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு தேட வேண்டாம், படிவம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரிசையும் வேண்டாம்.

அப்படியானால் எல்லோரும் இதிலேயே அனுப்பலாமே? இங்கேதான் சிக்கல். சிங்கப்பூர்ப் பக்கம் இந்த இணைப்பில் இறங்கியவை டிபிஎஸ் வங்கியும் (பிஓஎஸ்பி கணக்கும் இதில் அடக்கம்) லிக்விட் குரூப் என்ற நிறுவனமும் மட்டுமே. உங்கள் சம்பளம் வேறு வங்கியில் ஏறுகிறது என்றால் உங்கள் பேநவ் உள்ளூருக்கு மட்டும்தான். இந்தியப் பக்கம் தொடக்கத்தில் ஆறு வங்கிகள்: ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், டிபிஎஸ் இந்தியா. 2025 ஜூலையில் மேலும் பதின்மூன்று வங்கிகள் சேர்ந்து மொத்தம் பத்தொன்பது ஆயிற்று. கரூர் வைஸ்யா, கனரா, எச்டிஎஃப்சி, ஃபெடரல், சவுத் இந்தியன் எல்லாம் அப்போது வந்தவை.

பட்டியலில் இல்லாதவற்றையும் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிறையப் பேர் கணக்கு வைத்திருக்கும் தமிழ்நாடு மெர்க்கன்டைல், சிட்டி யூனியன், தமிழ்நாடு கிராம வங்கி ஆகியவை அந்தப் பத்தொன்பதில் கிடையாது. அம்மா கையில் யுபிஐ இருக்கிறது, ஆனால் அது எந்த வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது? அனுப்பும் முன் இதைத்தான் கேட்க வேண்டும். எந்த ஆப் என்பதையும் கேளுங்கள். பணம் பெறலாம் என்று 2025 ஜூலை அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்ட பொது ஆப்கள் பீம், போன்பே, பேடிஎம். இவற்றில் ஒன்றின் ஐடி இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை 5 வெள்ளி, 10 வெள்ளி போட்டுப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புவது புத்திசாலித்தனம்.

உச்சவரம்பும் உண்டு: ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறவருக்கு இது தாராளம். வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறோம், தங்கைக்குக் கல்யாணம் என்றால் காணாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். “நான் பேநவ்லதான் அனுப்புறேன்” என்று பலர் சொல்வார்கள். விசாரித்தால் வைஸ், இன்ஸ்டாரெம் மாதிரி ஓர் ஆப்பில் பதிந்து, அந்த ஆப்புக்குப் பணம் கட்டத்தான் பேநவ்வைப் பயன்படுத்தியிருப்பார்கள். அது வேறு. அங்கே பேநவ் பணத்தைச் சிங்கப்பூருக்குள்ளேயே அந்த நிறுவனத்தின் கணக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. அதற்குப் பிறகு அந்த நிறுவனம்தான் இந்தியாவில் ரூபாயாகக் கணக்கில் போடுகிறது. இதில் ஒரு பெரிய வசதி: பத்தொன்பது வங்கிக் கட்டுப்பாடு கிடையாது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் சரியாக இருந்தால் கிராம வங்கிக் கணக்குக்கும் போகும், ஊரில் இருப்பவரிடம் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டியதும் இல்லை. வைஸ் சந்தையின் நடு ரேட்டைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும். வேறு சில ஆப்கள் கட்டணத்தைக் குறைத்து ரேட்டில் எடுத்துக்கொள்ளும். முதல் முறை அனுப்புகிறவருக்குச் சலுகை ரேட் கொடுப்பதும் வழக்கம். அதைப் பார்த்து மயங்காமல் இரண்டாவது முறை என்ன ரேட் வருகிறது என்று பாருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். அறைத்தோழர் கணக்கிலிருந்து கட்டினால் பணம் திரும்பி வரும், அல்லது விசாரணையில் மாட்டி நிற்கும்.

ஐஎஃப்எஸ்சி பற்றி ஒரு வார்த்தை. பதினோரு இடம் கொண்டது, ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும், ஆங்கில எழுத்து ஓ வராது. பாஸ்புக்கைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீடு மாறியிருக்கவும் கூடும். சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020இல் சேர்ந்தன. அந்தக் காலத்துப் பாஸ்புக் என்றால் புதுக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடைகளைப் பற்றிக் கொஞ்சம் ஏளனமாகப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் பேசுவார்கள், தப்பாக எழுதினால் திருத்துவார்கள், பணம் சேரவில்லை என்றால் போய் நின்று கேட்க ஒரு முகம் இருக்கும். கூட்டமாக உள்ள தெருவில் கடைக்குக் கடை போட்டி இருப்பதால் ரேட்டும் பல நேரம் ஆப்புக்குச் சளைக்காது. ஊரில் வங்கிக் கணக்கே இல்லாத முதியவர் என்றால், வெஸ்டர்ன் யூனியன் போன்றவற்றில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் வசதி இன்னும் உதவுகிறது. குறை, நேரம். விடுதியிலிருந்து தேக்காவுக்கு வந்துபோகும் காசும் அரை நாள் ஓய்வும் கணக்கில் சேர வேண்டும். அதோடு வார இறுதியில் அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருப்பதால், திங்கள்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து ரேட்டைக் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். ஆப்களுக்கும் இது பொருந்தும். அவசரமில்லை என்றால் வார நாளில் அனுப்புங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது உரிமம். சிங்கப்பூரில் பணம் அனுப்பும் தொழிலுக்கு நாணய ஆணையத்தின் உரிமம் கட்டாயம். ஆணையத்தின் இணையப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். ரசீதில் பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உரிமமில்லாத வழியும் ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்: உண்டியல், அதாவது இங்கே வெள்ளியை வாங்கிக்கொண்டு ஊரில் வேறு ஆள் மூலம் ரூபாயைக் கொடுக்கும் ஏற்பாடு. இதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. ஒரு காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் இருந்து நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் நம்பிக்கையின் மேல்தான் ஓடியது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்த வங்கிதான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. பேநவ்–யுபிஐ இணைப்பில் முதல் நாளே சேர்ந்த வங்கிகளில் அதுவும் ஒன்று என்பது பொருத்தம்தான். ஆனால் இன்றைய உண்டியல் அந்த உண்டியல் அல்ல. ஊரில் உங்கள் மனைவி கணக்கில் பணம் போடுகிறவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அது இணைய மோசடியில் யாரிடமோ பறித்த பணமாக இருந்தால், போலீஸ் முடக்குவது உங்கள் மனைவியின் கணக்கைத்தான். வெள்ளிக்கு இருபது பைசா கூடுதலாகக் கிடைத்ததற்கு இது பெரிய விலை. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சீனாவுக்கு அனுப்பிய பலரின் கணக்குகள் இப்படி மூன்றாம் ஆள் வழியாகப் பணம் போனதால் அங்கே முடக்கப்பட்டன. 2024 ஜனவரி முதல் அந்த வகை வழிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நாணய ஆணையம் நிறுவனங்களுக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

வங்கி வழியில் இரண்டு உண்டு. பழைய தந்தி மாற்று (டிடி), அதாவது ஸ்விஃப்ட் வழி: கட்டணம், கேபிள் செலவு, நடுவில் நிற்கும் வங்கி பிடித்துக்கொள்வது என்று சின்னத் தொகையைத் தின்றுவிடும். மற்றது, டிபிஎஸ் ரெமிட் போல வங்கிகளே நடத்தும் சேவை. டிபிஎஸ் ரெமிட்டில் இந்தியாவுக்குக் கட்டணம் இல்லை, அன்றைக்கே சேரும், ரேட்டில்தான் அவர்கள் லாபம். பெரிய தொகைக்கும், உங்கள் சொந்தச் சேமிப்பை உங்கள் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் போடுவதற்கும் வங்கிதான் சரி. என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது, நாளைக்கு அந்தப் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் தடையில்லை. நிலம் வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டக் காகிதமும் இருக்கும். பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோருக்கு அனுப்பும் பணம் எவ்வளவானாலும் அவர்களுக்கு அன்பளிப்பு வரி வராது. நண்பர் கணக்கில் போட்டால் அப்படியில்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது அவர் வருமானமாகிவிடும்.

எதிர்த் திசைக்கும் பேநவ்–யுபிஐ இணைப்பு உண்டு. தஞ்சாவூரில் இருக்கும் அப்பா, சிங்கப்பூரில் படிக்கும் மகளின் பேநவ் எண்ணுக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம். தொடக்கத்தில் அனுப்பும் வசதி ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ், ஐசிஐசிஐ ஆகிய நான்கில் மட்டும்தான் இருந்தது. நோக்கம் அன்பளிப்பு அல்லது உறவினர் பராமரிப்பு என்றுதான் குறிக்க முடியும். அறை வாடகை, சாப்பாட்டுச் செலவுக்கு இது பிரமாதம். பல்கலைக்கழகக் கட்டணத்தை இதில் துண்டு துண்டாக அனுப்பாதீர்கள். அதை வங்கியில் கல்விச் செலவு என்று குறிப்பிட்டே அனுப்ப வேண்டும், வரிக் கணக்கில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். டிபிஎஸ் அல்லது பிஓஎஸ்பி கணக்கும், ஊரில் பட்டியலில் உள்ள வங்கியும் இருந்தால், சின்னத் தொகைக்கும் அவசரத்துக்கும் பேநவ்–யுபிஐ. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டு நிற்கிறார்கள் என்று போன் வந்தால் ரேட் பார்க்கிற நேரமில்லை. மாதச் சம்பளத்தை மொத்தமாக அனுப்ப, அதே நிமிடத்தில் இரண்டு ஆப்பையும் ஒரு கடையையும் ஒப்பிட்டு, ஊரில் ஏறும் ரூபாயைப் பார்த்து முடிவெடுங்கள். லட்சக் கணக்கில் என்றால் வங்கி.

எந்த வழியானாலும் உடனடிப் பணம் போனால் போனதுதான், திரும்பக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். ஊரில் இருப்பவரிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை, கியூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. “சிங்கப்பூர்லேருந்து பணம் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க” என்று யார் அழைத்தாலும் அவர் திருடன்.